மீட்டருக்கு மேலே

வெளிநாடு கிளம்புகிறோம் என்று ஊருக்கு போன் போட்டால், கும்பகோணத்தில் இருந்து அப்பா சொல்லும் முதல் புத்திமதி பாஸ்போர்ட் பற்றி இருக்காது. "டாக்ஸிக்காரன்கிட்ட ஜாக்கிரதைடா. ஏறதுக்கு முன்னாடியே எவ்வளவுன்னு பேசிக்கோ." அவர் வாழ்நாளில் டாக்ஸியில் ஏறியது மொத்தம் பத்து தடவை இருந்தால் அதிகம். ஆனால் எழும்பூரில் இறங்கி மாம்பலம் போக ஆட்டோக்காரர்களோடு போட்ட சண்டை நாற்பது வருட அனுபவம். அதை அப்படியே உலகம் பூராவுக்கும் நீட்டிவிடுவார்.

சொத்து வருகிறதோ இல்லையோ, இந்த மாதிரி சந்தேகம் மட்டும் பரம்பரையாக வந்துவிடும். 2004-ல் வங்கி வேலை கிடைத்து மும்பை வந்தேன். தாதரில் இறங்கி, பெட்டி படுக்கையோடு செம்பூருக்கு ஒரு கறுப்பு மஞ்சள் பத்மினியில் ஏறினேன். அந்தக் காலத்து மீட்டர் வண்டிக்கு வெளியே, இடது பக்கம் முன்னால் உட்கார்ந்திருக்கும். கண்ணை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். இறங்கும்போது நாலரை ரூபாய் காட்டியது. டிரைவர் கேட்டது அறுபதுக்குப் பக்கம். விடுவேனா! எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் கத்த ஆரம்பித்தேன். அந்தப் பெரியவர் பதிலே பேசவில்லை. சன் வைசருக்குப் பின்னால் இருந்து ஒரு அட்டையை உருவி நீட்டினார். மீட்டர் இவ்வளவு காட்டினால் இவ்வளவு கொடுக்க வேண்டும் என்று வரிசையாக அச்சடித்த அரசாங்க அட்டை. பழைய மீட்டர், புதுக் கட்டணம், பத்து மடங்குக்கும் மேல் பெருக்கல். பி.காம். படித்தவன், வங்கி அதிகாரி, நடுத்தெருவில் நின்று வாய்ப்பாடு கற்றுக்கொண்டேன். எலெக்ட்ரானிக் மீட்டர் எல்லாம் 2012 வாக்கில்தான் வந்தது.

அதோடு புத்தி வந்திருக்க வேண்டும் இல்லையா? வரவில்லை. 2011-ல் சிங்கப்பூரில் மச்சான் வீட்டுக்குப் போனபோது, விமானம் இறங்கி வெளியே வர நள்ளிரவு தாண்டிவிட்டது. வீட்டு வாசலில் மீட்டர் காட்டியது ஒன்று, ரசீதில் வந்தது வேறு. இங்கேயும் ஆரம்பித்துவிட்டாயா என்று நான் தமிழிலேயே தங்கமணியிடம் முணுமுணுக்க, முன்சீட்டில் இருந்து சுத்தத் தமிழில் பதில் வருகிறது. "சார், பன்னண்டு மணிக்கு மேல அம்பது பர்சென்ட் கூட. ஏர்போர்ட் சார்ஜ் தனி. எல்லாம் எழுதியிருக்கு, படிச்சுப் பாருங்க." விளக்கைப் போட்டு ஜன்னலில் ஒட்டியிருந்ததைக் காட்டினார். ஒவ்வொரு வரியும் ரசீதில் இருந்தது. மச்சான் சிரித்த சிரிப்பை இன்றைக்கும் கல்யாண வீடுகளில் எடுத்து விடுகிறார் :-)

ஏமாந்ததே இல்லையா என்று கேட்டால், உண்டு. பாங்காக்கில். ஓட்டல் வாசலில் நின்ற டாக்ஸியில் மீட்டர் போடச் சொன்னால் போடமாட்டேன் என்று தலையை ஆட்டினார். மழை, கூட குழந்தை, வேறு வழியில்லை. நூறு பாட் ஆகவேண்டிய இடத்துக்கு ஐந்நூறு. வழியில் ஒரு நகைக்கடையில் பத்து நிமிஷம் நிறுத்தட்டுமா என்று வேறு கேட்டார். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த நாட்டு மக்களைப் பற்றியே ஒரு தீர்ப்பு எழுதிவிட்டேன். "இவங்களே இப்படித்தான்." நாமெல்லாம் சுலபமாகச் செய்கிற தப்பு இது. சிங்கப்பூர்க்காரன் நேர்மை, ஜப்பான்காரன் தங்கம், நம்மூர்க்காரன் திருடன் என்று பயணம் போய்வந்த கையோடு மார்க் போட்டுவிடுகிறோம். ஊர் ஊராக டாக்ஸி ஏறியதில், அதைவிட என் மேஜைக்கு வந்த கடன் விண்ணப்பங்களைப் பார்த்ததில், அந்த மார்க் ஷீட்டே தப்பு என்று இப்போது நினைக்கிறேன்.

ஒரு கணக்கு சொல்கிறேன். பாங்காக்கில் மீட்டர் டாக்ஸி வந்தது 1992-ல். ஆரம்பக் கட்டணம் 35 பாட். 2023-ல் கட்டணத்தை மாற்றியபோதுகூட சின்ன வண்டிகளுக்கு ஆரம்பக் கட்டணம் அதே 35-தான். கிலோமீட்டர் கட்டணத்தை நடுவில் கொஞ்சம் கூட்டினார்கள், உண்மை. ஆனால் முப்பது வருடம் முன்னால் இருந்த அரிசி விலையும் வாடகையும் அங்கேயும் இப்போது இல்லை. மீட்டர் போட்டால் கட்டுப்படியாகாத இடத்துக்கு அவர் மீட்டர் போடமாட்டார்.

நம்மூருக்கு வருவோம். சென்னையில் 2013 ஆகஸ்டில் ஆட்டோ கட்டணம் நிர்ணயித்தார்கள். முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. நல்ல விஷயம், கொஞ்ச நாள் மீட்டரும் ஓடியது. பத்து வருடம் கழித்து 2023-லும் அரசாங்கக் காகிதத்தில் அதே 25, அதே 12. பெட்ரோல் அந்த நேரத்தில் 75 ரூபாய் பக்கம் இருந்தது, நூறைத் தாண்டிவிட்டது. நம் வங்கி ஊழியர் சங்கம் பத்து வருடம் சம்பள உயர்வு இல்லாமல் சும்மா இருக்குமா? ஆறு மாதம் அகவிலைப்படி தாமதமானால் கேட் மீட்டிங் போடுகிற ஆட்கள் நாங்கள்.

மும்பையைப் பாருங்கள். டாக்ஸி குறைந்தபட்சக் கட்டணம் 22-ல் இருந்து 2021-ல் 25 ஆச்சு, 2022-ல் 28, 2025 பிப்ரவரியில் 31. ஒவ்வொரு தடவையும் பயணிகள் திட்டினார்கள், நானும் திட்டினேன். ஆனால் இன்றைக்கும் செம்பூர் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தால் டிரைவர் பேசாமல் மீட்டரைப் போடுகிறார். மராத்திக்காரர் பரம்பரை நேர்மை என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். ஓட்டுகிறவரில் பாதிப்பேர் ஜோன்பூர், ஆசம்கர் பக்கத்து ஆட்கள் சாமி! அதே ஆள் லக்னோ ஸ்டேஷனில் நின்றால் பேரம்தான் பேசுவார். கட்டணம் அசைகிற ஊரில் மீட்டருக்கு உயிர் இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

இதற்கு டோக்கியோ விதிவிலக்கு போலத் தோன்றும். அங்கே 2007-க்கு அப்புறம் 2022 நவம்பரில்தான் அடிப்படைக் கட்டணத்தைக் கூட்டினார்கள், முதல் 1.096 கிலோமீட்டருக்கு 500 யென். நடுவில் பதினைந்து வருடம். ஆனாலும் ஒருத்தரும் ஏமாற்றவில்லையே? ஏமாற்றவில்லை, ஆனால் விலைவாசியும் சம்பளமும் அந்தப் பதினைந்து வருடத்தில் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நின்ற நாடு அது. 2024-ல் போனபோது தங்கமணி டாக்ஸிக் கதவைத் திறக்கப் போய், அது தானாகத் திறந்ததும் பின்வாங்கி என் காலை மிதித்தாள். டிரைவர் உட்கார்ந்த இடத்தில் இருந்தே கதவைத் திறக்கிறார், மூடுகிறார். வெள்ளைக் கையுறை. மீதியை வைத்துக்கொள்ளுங்கள் என்று கை காட்டினால், புரியாதவர் போல 60 யென்னைத் தட்டில் வைத்து நீட்டுகிறார். இதில் டிரைவரின் வளர்ப்பு இல்லை என்று நான் சொல்லவரவில்லை. வளர்ப்போடு சேர்ந்து வேறொன்றும் இருக்கிறது. அங்கே பெரும்பாலானவர்கள் கம்பெனி வேலைக்காரர்கள். வண்டிக்கடன் அவர்கள் தலையில் இல்லை.

கடன் என்று வந்தபிறகு மறைக்க வேண்டாம். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

2016-ல் நான் ஒரு கிளையில் கடன் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆப் டாக்ஸிகள் உச்சத்தில் இருந்த நேரம். கறுப்பு மஞ்சள் வண்டியை இரவு ஷிப்ட் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பையன், வயது இருபத்தெட்டு இருக்கும், ஜோன்பூர்க்காரன், சொந்த வண்டிக்குக் கடன் கேட்டு வந்தான். அவன் நண்பர்களின் கணக்கு விவரத்தை எல்லாம் கொண்டுவந்து காட்டினான். வாராவாரம் வரவு, மாதம் எழுபதாயிரம், எண்பதாயிரம். வங்கிக்கோ வாகனக்கடன் டார்கெட். நான் பார்த்தேன், மார்ஜின் சரி, ஜாமீன்தாரர் சரி, வண்டியே செக்யூரிட்டி. கையெழுத்துப் போட்டேன். வெள்ளை டிசையர். சாவி வாங்கிய அன்றைக்கு கிளைக்கே பேடா டப்பாவோடு வந்தான்.

நான் பார்க்காமல் விட்டது ஒன்று. அந்த எழுபதாயிரத்தில் பயணிகள் கொடுத்த கட்டணம் எவ்வளவு, இத்தனை டிரிப் அடித்தால் இவ்வளவு என்று கம்பெனி கொடுத்த ஊக்கத்தொகை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கவில்லை. ஊக்கத்தொகை வருமானம் இல்லை. அது கம்பெனியின் விளம்பரச் செலவு. அடுத்த வருடமே அதை வெட்டினார்கள். 2017 பிப்ரவரியில் டெல்லியில் ஆப் டிரைவர்கள் வேலைநிறுத்தம், 2018 அக்டோபரில் மும்பையில். பத்திரிகைகள் பயணிகள் அவதி என்று எழுதின. எனக்கு மட்டும் வேறு கவலை. தொண்ணூறு நாள் தவணை வராவிட்டால் கணக்கு என்பிஏ.

அந்தப் பையன் ஒளியவில்லை. வசூல் ஏஜென்ட் போவதற்கு முன்னாலேயே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து சாவியை என் மேஜையில் வைத்தான். ஒன்றே ஒன்று கேட்டான். "சாப், சீட் கவர் நான் தனியா வாங்கினது. எடுத்துக்கலாமா?" எடுத்துக்கொள் என்றேன். வெளியே வெயிலில் நின்று ஒவ்வொன்றாகக் கழற்றி மடித்து வைத்துக்கொண்டிருந்தான். நான் ஜன்னல் திரையை இறக்கிவிட்டு ஃபைல் பார்த்தேன். என்ன ஃபைல் என்று ஞாபகம் இல்லை.

2019 அக்டோபரில் நியூயார்க் போனோம், சித்தி பையன் வீட்டுக்கு. ஜேஎஃப்கே விமான நிலையத்தில் இருந்து மன்ஹாட்டனுக்கு மஞ்சள் டாக்ஸியில் அப்போது ஒரே விலை, 52 டாலர், மேலே டோல், இதர வரிகள். இறங்கும்போது எதிரே திரையில் மூன்று பொத்தான்கள். டிப்ஸ் இருபதா, இருபத்தைந்தா, முப்பதா? குறைந்ததை அழுத்தினாலும் பத்து டாலருக்கு மேல். தங்கமணிக்கு மனக்கணக்கு என்னைவிட வேகம். "எழுநூறு ரூபாய்! செம்பூர்லேர்ந்து சர்ச்கேட் போய்ட்டே திரும்பி வந்துடலாம்." வாஸ்தவம்தான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் டிராஃபிக்கில் நின்றபோது அந்த சில்ஹெட்காரர் ஹிந்தியில் சொன்னதைக் கேட்டுவிட்டதால் நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஊரில் மஞ்சள் டாக்ஸி ஓட்ட மெடாலியன் என்று ஒரு தகடு வேண்டும். 1937-ல் சட்டம் போட்டு எண்ணிக்கையைக் கட்டினார்கள். ஆரம்பத்தில் பத்து டாலர். இன்றைக்கும் மொத்தம் பதிமூன்றாயிரத்துச் சொச்சம்தான். ஓட்டுகிற ஆள் ஏராளம், தகடு கொஞ்சம். விலை ஏறிக்கொண்டே போய், 2014 வாக்கில் ஒரு தகடு பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. நகர நிர்வாகமே ஏலம் விட்டது, நல்ல முதலீடு என்று விளம்பரமும் செய்தது. வங்காளம், பஞ்சாப், ஹைட்டி என்று எங்கெங்கிருந்தோ போனவர்கள் கடன் வாங்கி வாங்கினார்கள். கடன் கொடுத்தவர்கள் டிரைவர் மாதம் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று பார்க்கவில்லை, தகட்டின் விலையைப் பார்த்தார்கள். பலருக்கு அசலே குறையாத கடன். வட்டி மட்டும் கட்டு, மூன்று வருடம் கழித்து விலை ஏறியிருக்கும், மறுபடி கடன் எழுதிக்கலாம். அப்புறம் ஆப் வண்டிகள் வந்தன. நான் போன நேரத்தில் தகட்டின் விலை ஐந்தில் ஒரு பங்குக்கு வந்திருந்தது. கடன் மட்டும் அப்படியே. 2018-ல் தற்கொலை செய்துகொண்ட டிரைவர்களில் இந்தக் கடனில் மாட்டியவர்களும் உண்டு. 2019 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் இந்தக் கடன்களைத் தோண்டி எடுத்து எழுதியது, அடுத்த வருடம் அதற்கு புலிட்சர் பரிசும் கிடைத்தது.

எங்கள் டிரைவருக்கு நான் வங்கிக்காரன் என்று தெரியாது. எவ்வளவு வட்டி, எத்தனை வருடம், அசலில் எவ்வளவு குறைந்தது என்று நான் கேட்கக் கேட்க, கண்ணாடி வழியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவில்லை. சிரித்தார். நான் இருபத்தைந்தை அழுத்தினேன். தங்கமணி அன்றைக்கு இரவு வரை பேசவில்லை.

2021 அக்டோபரில் அந்த டிரைவர்கள் நகரமன்ற வாசலில் உண்ணாவிரதம் இருந்தார்கள், பதினைந்து நாள். நவம்பர் தொடக்கத்தில் ஒப்பந்தம் ஆனது. பெரிய கடன்களை 170,000 டாலருக்குக் குறைப்பது, அதற்கு நகரமே ஜாமீன் நிற்பது. செய்தியைப் படித்தபோது சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. ஜோன்பூர்ப் பையனுக்கு யாரும் ஜாமீன் நிற்கவில்லை. சங்கமும் இல்லை, பத்திரிகையும் இல்லை. ஏலத்தில் வண்டி போன விலைக்கும் பாக்கிக்கும் நடுவே இருந்த பள்ளத்துக்கு அவன் மாமாவின் கையெழுத்து இருந்தது.

லண்டன் பற்றியும் ஒரு வார்த்தை. 2016-ல் ஒரு வாரப் பயிற்சிக்குப் போனபோது கறுப்பு கேப்பில் ஒரே ஒரு தடவை ஏறினேன். அலுவலகச் செலவு என்பதால் தைரியம். சாரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைல், இருபத்தைந்தாயிரம் தெரு, முந்நூற்றி இருபது பாதை. எல்லாம் மனப்பாடம் செய்து தேர்ச்சி பெற்றால்தான் லைசென்ஸ். மூன்று நாலு வருடம் மொபெட்டில் சுற்றிப் படிக்கிறார்கள். நம்ம சி.ஏ. பரீட்சை மாதிரிதான். இப்படிப் படித்தவர்களின் மூளையில் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி பெரிதாக இருப்பதை 2000-ல் லண்டன் ஆராய்ச்சியாளர்கள் படம் எடுத்துக் காட்டினார்கள். அத்தனை படிப்பையும் ஒரு செல்போன் வரைபடம் கையில் வாங்கிக்கொண்டுவிட்டது. ஆனால் அதே ஊரில்தான் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஊபர் டிரைவர்களைத் தொழிலாளர்கள் என்றது, குறைந்தபட்ச ஊதியமும் சம்பளத்தோடு விடுமுறையும் உண்டு என்று. இங்கே நாம் இன்னும் "பார்ட்னர்" என்கிறோம். லாபத்தில் பங்கில்லாத, நஷ்டத்தில் மட்டும் பங்குள்ள பார்ட்னரை பார்ட்னர்ஷிப் சட்டப் பாடத்தில் நான் படித்ததில்லை.

துபாயில் பெஷாவர்க்காரரோடு போன பயணம் தனிக்கதை, இன்னொரு நாள்.

என் கட்சி இதுதான். டாக்ஸியில் நானும் டிரைவரும் மட்டும் இருப்பதாக நினைத்து ஐந்து ரூபாய்க்கு மல்லுக்கட்டுகிறோம். பின்சீட்டில் எனக்குப் பக்கத்திலேயே கடன் கொடுத்தவர், ஆப் கம்பெனி, கட்டணம் நிர்ணயிக்கிற இலாகா மூவரும் டிக்கெட் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். கேள்வி கேட்க வேண்டியது அவர்களை. கட்டணத்தை விலைவாசியோடு சேர்த்து வருடாவருடம் திருத்துங்கள், ஏறும்போது நானும் திட்டிவிட்டுக் கொடுத்துவிடுகிறேன். 2025 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில் சொந்த வண்டி ஓட்டும் டிரைவருக்குக் கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம் என்று எழுதியிருக்கிறார்கள். நெரிசல் நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு வரை போகலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. இரண்டாவது விஷயத்தைப் பற்றி எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸப்பில் நூறு மெசேஜ். முதல் விஷயத்தைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

அதற்காக ஏமாறச் சொல்லவில்லை. பாங்காக்கில் அந்த ஐந்நூறு பாட் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்தான். போகிற ஊரின் கட்டணம், இரவு சார்ஜ், ஏர்போர்ட் சார்ஜ் எல்லாம் கிளம்புவதற்கு முன்னால் படித்துக்கொள்ளுங்கள், ரசீது வாங்குங்கள். படித்துவிட்டுப் போனால் பாதிச் சண்டை வராது. நான் போட்ட மூன்று சண்டையில் இரண்டில் தப்பு என் பக்கம்.

போன மாதம் ஒரு பையன் எலெக்ட்ரிக் காருக்குக் கடன் கேட்டு வந்தான். ஸ்டேட்மென்ட்டில் நல்ல வரவு. நான் பென்சிலால் ஊக்கத்தொகையை எல்லாம் வரி வரியாக அடித்துவிட்டு, பயணிகள் கொடுத்ததை மட்டும் கூட்டி, சார்ஜிங் செலவு, இன்ஷூரன்ஸ், டயர் கழித்து, இவ்வளவு தவணைதான் உனக்குத் தாங்கும், இவ்வளவுதான் கொடுக்க முடியும் என்றேன். அவன் கேட்டதில் பாதிதான் வந்தது. "இன்சென்டிவும் என் உழைப்புதானே சாப்?" என்றான். பதில் சொல்ல முயற்சி செய்தேன், அவனுக்குப் புரியவில்லையா, பிடிக்கவில்லையா தெரியவில்லை. பேப்பரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எதிர்க் கட்டிடத்து ஃபைனான்ஸ் கம்பெனியில் இரண்டே நாளில் முழுத் தொகையும் கிடைத்துவிட்டதாம். நேற்று சிக்னலில் பார்த்தேன், புது வண்டி, சீட்டில் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கவில்லை. கையை ஆட்டினான். நானும் ஆட்டினேன்.